வெள்ளிக்கிழமை மதியம் வரை

மூன்றாவது முறையும் திரை கறுத்துப்போனது.

மெஹக் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். மேசைமேல் இருந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சாதாரண மானிட்டர். இதயத் துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கோடாகவும் எண்ணாகவும் காட்டும். சற்று முன்பு வரை பச்சைக் கோடு ஏறி இறங்கி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி யாரும் இல்லை; துடிப்பை ஒரு சின்னப் பெட்டி போலியாக உண்டாக்கிக் கொடுத்தது. அவள் தன் லேப்டாப்பிலிருந்து தாக்குதல் புரோகிராமை ஓட்டினாள். கோடு நின்றது. திரை அணைந்தது. இனி அந்த மானிட்டர் அவள் சொன்னதைக் கேட்கும். அவள் இடத்தில் எவன் இருந்தாலும் அவன் சொன்னதைக் கேட்கும்.

அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இரண்டு வாரமாக உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதியிருந்தாள். அந்தத் திருத்தம் போட்ட மெஷின்தான் இது.

"விழுந்திருச்சா?" என்றார் பின்னால் நின்றிருந்த ராகவன்.

"ம்."

"மறுபடியுமா?"

"ம்."

ராகவன் கம்பெனியின் மென்பொருள் பிரிவுக்குத் தலைவர். மதுரைக்காரர், வேலைக்காக வந்தவர், அயப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி இங்கேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தால் கத்த மாட்டார். ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்ப்பார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லாததால் சுவரைப் பார்த்தார்.

கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில், கேஸ்கட் வெட்டும் பட்டறை ஒன்றின் தலைக்கு மேல் இரண்டு மாடிகளில் இருந்தது. மானிட்டர் செய்து சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு விற்பதுதான் தொழில். மானிட்டருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. அதன் அடியாழத்தில் இருப்பது கெர்னல். திரையில் ஒரு புள்ளி விழுவதற்கும், கம்பி வழியாக ஓர் எண் போவதற்கும் கெர்னல் சம்மதிக்க வேண்டும். அதிலேயே ஓட்டை விழுந்துவிட்டால் மேலே எத்தனை பூட்டுப் போட்டாலும் வீண்.

இந்த ஓட்டையை மெஹக் வாடகை வீடாக நினைத்துப் பார்ப்பாள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், சாவியைத் திருப்பித் தரவில்லை. வீட்டுக்காரரும் கேட்கவில்லை, வேறு குடும்பத்தைக் குடிவைத்துவிட்டார். பழையவர் ஒரு நாள் சாவியைப் போட்டுத் திறந்து, நேராக உள்ளே போய்ப் புதியவர்களின் பீரோவைக் குடைகிறார். கெர்னலில் வீடு என்பது நினைவகத்தில் ஒரு துண்டு. நெட்வொர்க்கில் வரும் செய்திகளை வாங்கும் பகுதி, அந்தத் துண்டைக் காலி செய்த பிறகும் சாவியைக் கையில் வைத்திருந்தது. மெஹக் செய்தது அந்தச் சாவியைப் பிடுங்கியதுதான். மொத்தம் நாலு வரி. எழுதியது ஒரு நாள், சரிதானா என்று பார்த்தது மீதி நாளெல்லாம்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் வெளிநாட்டில் இருக்கும் ஓர் ஆராய்ச்சியாளர். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்தவர் முதலில் மெஷினைச் செய்தவர்களுக்கு மட்டும் சொல்லுவார். கூடவே ஒரு நாளும் குறிப்பார். அதுவரை இரண்டு தரப்பும் மூச்சு விடக் கூடாது. அந்த நாள் வந்ததும் ஊரறியச் சொல்லிவிடுவார். அடைத்திருந்தாலும் சொல்லுவார், அடைக்காவிட்டாலும் சொல்லுவார். அவர் குறித்திருந்தது இந்த வெள்ளிக்கிழமை மதியம். இன்று புதன்.

அதனால் கம்பெனியில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி, ராகவன், மெஹக். மாடியில் அட்டைப்பெட்டி அடுக்கும் அறையைக் காலி செய்து, பூட்டுப் போட்டு, தாக்குதல் சோதனையை அதற்குள் நடத்தினார்கள். ரகசியம் காப்பதற்கு மெஹக்கைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டாள் என்று முதலாளியே சொன்னார். அவளைப் பேசவைப்பதுதான் எப்போதும் கஷ்டம்.

"இங்க பாரும்மா," என்றார் ராகவன், சுவரிலிருந்து திரும்பி. "உன் திருத்தம் தப்புன்னு நான் சொல்லல. நானும் வரி வரியா படிச்சுட்டேன். எனக்கும் சரியாத்தான் படுது. சரியா படுறத வச்சுக்கிட்டு என்ன செய்ய? அடிச்சா விழுகுதே."

"காரணம் இன்னும் புரியல சார்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாரு. அதுக்குள்ள நிக்கலன்னா நெட்வொர்க் பகுதியையே மூடி அனுப்பிருவோம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்ச் சேரணும்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள."

மெஹக் தலையாட்டினாள். வேண்டாம் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

நெட்வொர்க்கை மூடினால் ஓட்டையும் மூடிவிடும், அது உண்மைதான். கூடவே நர்ஸின் மேசையும் குருடாகிவிடும். ஒவ்வொரு மானிட்டரும் தன் கட்டிலுக்கு மட்டும் காட்டும், வேறு எங்கேயும் சொல்லாது.

அது எப்படி இருக்கும் என்று மெஹக்குக்குத் தெரியும். ஜனவரியில், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு மெஷின் பொருத்துகிறவர்களோடு அவளும் போயிருந்தாள். எட்டுக் கட்டில் உள்ள வார்டு. பாதிக் கட்டில்கள் ஒரு மூலை திரும்பினால்தான் கண்ணுக்குத் தெரியும். இரவில் ஒரே ஒரு நர்ஸ். தலைமை நர்ஸ் சுசீலா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

"இந்த மூலைல நிப்பேன், அந்த மூலைல கத்தும். ஓடுவேன். ஓடிப் பார்த்தா ஒயர் கழண்டிருக்கும். திரும்பி வர்றதுக்குள்ள இங்க கத்தும். டப்பாவத் தொறந்து வெச்சா சோறு காஞ்சி கட்டியா பூடும், தெரியுமா?"

அன்று எட்டுக் கட்டிலையும் ஒரே திரையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். சுசீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எட்டுக் கோடுகளையும் பார்த்தபடியே தயிர்ச் சாதத்தைக் கடைசி வாய் வரை சாப்பிட்டாள். பிறகு மெஹக்கைப் பார்த்து, "உக்காந்து துண்றேம்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாளை மதியத்துக்குள் காரணம் கிடைக்காவிட்டால் அந்த மேசைத் திரையை அணைக்கப்போவது மெஹக் எழுதும் வரிதான்.

அவள் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, அதைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டினாள். கீழ் மாடியில் சோதனைக்கூடம். அதைப் பார்த்துக்கொள்பவர் ஜஸ்டின். அண்ணனூர்க்காரர். மின்சார ரயில் பணிமனைக்கு எதிரே வீடு. பதினைந்து வருடமாக மெஷின்களுக்குப் புது மென்பொருளை ஏற்றிச் சோதிப்பது அவர் வேலை. இந்த வாரம் மெஹக் கொடுக்கும் கெர்னலை ஏற்றி மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை.

"இன்னா மேடம், மாடில இன்னாதான் வெச்சினுகீறீங்கோ? பொணமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா."

"நான் கேக்கல. கேக்கவே இல்ல. ராகவன் சார் மூஞ்சியப் பார்த்தா எவனோ செத்த மாரிதான் கீது, அதான் கேட்டேன்." ஜஸ்டின் மானிட்டரை வாங்கி மேசையில் வைத்தார். "என் மெஷினுங்கோ எல்லாம் சூப்பரா ஓடுது. உங்க கெர்னல் ஒரு தப்பும் காட்டல. இது ஒண்ணத்தான் தூக்கினு ஏறி எறங்கினு கீறீங்கோ."

அது வேறு ஒரு வேதனை. கீழே எல்லாச் சோதனையும் தேறுகிறது. மாடியில் ஒரே ஒரு சோதனை, அது மட்டும் தோற்கிறது.

அன்று மாலை பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மதுரவாயல் தாண்டும்வரை அந்த நாலு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சாவி எங்கே கொடுக்கப்படுகிறது, எங்கே வாங்கப்படுகிறது, இடையில் யாராவது நுழைய வழி இருக்கிறதா. இல்லை. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருந்தது. வேலப்பன்சாவடியில் பஸ் நகராமல் நின்றபோது அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் படித்தது இயற்பியல். கல்லூரி ஆய்வகத்தில் எதிர்பார்த்த எண் வராதபோது பாடப்புத்தகத்தைச் சந்தேகிக்க யாருக்கும் துணிச்சல் வராது. மீட்டரைச் சந்தேகிப்பார்கள், கம்பியைச் சந்தேகிப்பார்கள், கடைசியில் பார்த்தால் பக்கத்து மேசைக்காரனின் கம்பிச்சுருளை வைத்து அளந்துகொண்டிருப்பார்கள்.

நான் அடித்துக்கொண்டிருப்பது எதை?

கேள்வி அப்படி நேராக வந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. தன் கெர்னலைத்தான், வேறு எதை? மானிட்டரைக் கேட்டால் தன் கெர்னலின் பெயரைச் சொல்கிறதே. சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பழைய கெர்னலும் அதே பெயரைத்தான் சொல்லும்.

அது இவர்கள் கம்பெனியின் வழக்கம். மருத்துவக் கருவிக்குச் சான்றிதழ் வாங்கும்போது கெர்னலுக்கு ஒரு பெயரும் எண்ணும் கொடுத்திருந்தார்கள். அதை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து காகிதம் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று பயந்து, உள்ளே எத்தனை திருத்தம் போட்டாலும் பெயரை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார்கள். உருவாக்கிய தேதிகூட அதே பழைய தேதிதான் காட்டும். மூன்று வருடமாக எல்லாக் கெர்னலும் ஒரே பெயர், ஒரே பிறந்தநாள். எது எது என்று கெர்னலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. யாருக்கும் அது குறையாகப் பட்டதும் இல்லை.

வீட்டில் அம்மா ஷம்ஷாத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னாடி மூஞ்சி செத்துக் கீது? ரெண்டு வாரமா பார்க்குறேன். போனைக் கவுத்துக் கவுத்து வெக்கிற. கேட்டா ஒண்ணுமில்லங்குற. எவனாச்சும் கீறானா?"

"ஐயோ, இல்லம்மா."

"கீறான்னா சொல்லிடு. உங்க அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஆபீஸ் விஷயம்மா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி சொல்லக்கூடாது."

ஷம்ஷாத் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜும்மா தொழுகை முடிந்து சொல்லவேண்டிய ஆபீஸ் விஷயம் என்று ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. "சரி, வெள்ளிக்கிழமையே சொல்லு," என்று எழுந்து போனாள். போகும்போது முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, பட்டறையில் மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே மெஹக் வந்துவிட்டாள். தன் கெர்னலைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள். கெர்னல் கண் விழித்ததும் தன் பதிவில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போக வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தோடு வேறு ஒரு புள்ளிகூடச் சேரக்கூடாது என்பது ராகவன் போட்ட விதி. அதை அவள் இதுவரை மீறியதில்லை. என்ன சொல் எழுதுவது என்று யோசித்தாள். லட்சக்கணக்கான வரிகளில் வேறு எங்கும் இருக்கவே முடியாத சொல்லாக இருக்க வேண்டும். 'பிரியாணி' என்று எழுதினாள்.

ஜஸ்டின் வந்ததும் அதை ஏற்றினார். மானிட்டர் அணைந்து எழுந்தது. மெஹக் பதிவைத் திறந்து தேடினாள். பிரியாணி இருந்தது.

"இன்னாது இது?" ஜஸ்டின் எட்டிப் பார்த்தார். "பசிக்குதா மேடம்?"

"அப்படியே மாடிக்குக் கொண்டுவாங்கண்ணா."

ஜஸ்டின் எப்போதும் போல பிளக்கைப் பிடுங்கினார், வயரைச் சுற்றினார், மானிட்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினார். கதவு வரை வந்து கொடுத்துவிட்டு, உள்ளே பார்க்கவில்லை என்று காட்டுவதற்காக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மெஹக் உள்ளே வைத்துச் செருகினாள். அது எழுந்தது. தேடினாள்.

பிரியாணி இல்லை.

மறுபடி தேடினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்தாள். இல்லை. மானிட்டர் மட்டும் அதே பெயரை, அதே தேதியைச் சொல்லிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது.

படியேறி வருவதற்குள் கெர்னல் மாறிவிட்டது.

அப்படி மாறுவதற்கு ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் இரண்டு கெர்னல் இருக்கும், பழையது ஒன்று, புதியது ஒன்று. புதியதை ஏற்றியதும் மெஷின் அதை உடனே நம்பிவிடாது. பத்து நிமிடம் தொந்தரவில்லாமல் ஓடினால்தான் ஏற்றுக்கொள்ளும். அதற்குள் மெஷின் அணைந்தால், புதியது சரியில்லை போல என்று நினைத்து, அடுத்த முறை பழையதை எழுப்பிவிடும். ஆஸ்பத்திரியில் நடு வேலையில் மெஷின் படுத்துவிடக் கூடாது என்பதற்காக ராகவனே எழுதிய ஏற்பாடு. வெளியே விற்கும் மானிட்டரில் பேட்டரி இருப்பதால் பிளக்கைப் பிடுங்கினாலும் அணையாது. சோதனைக்கூடத்து மெஷின்களில் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

கீழே இருக்கும் மெஷின்கள் மேசையை விட்டு நகர்வதே இல்லை. அவை நாள் முழுக்க ஓடும், புதியதை ஏற்றுக்கொள்ளும். மாடிக்கு வந்தது இது ஒன்றுதான். ரகசியத்துக்காக.

மெஹக் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். அவள் ஓடி அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

"அண்ணா! இன்னொரு தடவ ஏத்துங்க. ஆனா கழட்டாதீங்க. நான் சொல்ற வரைக்கும் பிளக்கைத் தொடாதீங்க!"

ஜஸ்டின் முகம் மாறியது. "ஏன், நான் இன்னா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலண்ணா."

"இல்ல, நீங்க ஓடியாந்த மாரிக்கு நான் ஏதோ பண்ணிகிறேன்னு தெரியுது. எப்பவும் புதுசு குடுக்கும்போது கூட ஒரு சீட்டு வரும். இத்தினி நிமிஷம் ஓட்டு, இந்த லைட்டு எரிஞ்சா அணைன்னு போட்டிருக்கும். இந்த வாட்டி உங்காண்ட இருந்து ஒரு சீட்டும் வரல. நான் இன்னா ஜோசியம் பார்க்கவா?"

சீட்டு வராததற்குக் காரணம், சீட்டு எழுதினால் இது என்ன திருத்தம் என்றும் எழுத வேண்டியிருக்கும். எழுத வேண்டாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். "தப்பு எங்க மேலதான்," என்றாள் மெஹக். அதற்கு மேல் சொல்ல அனுமதி இல்லை.

இருவரும் மானிட்டருக்கு முன்னால் நின்றார்கள். ஜஸ்டின் கையைக் கட்டிக்கொண்டு, பிளக்கைக் காவல் காப்பவர் மாதிரி நின்றார். ஒரு பையன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். டீ ஆறியது. பத்து நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று மெஹக்குக்கு அதுவரை தெரியாது. பிறகு பதிவில் ஒரு வரி விழுந்தது: புதியது ஏற்கப்பட்டது.

மாடியில் செருகினாள். பிரியாணி இருந்தது.

தாக்குதலை ஓட்டினாள். பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. மறுபடி ஓட்டினாள். கோடு அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. சும்மா ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்த மனம் வரவில்லை; ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள். லேப்டாப்பில் ஒவ்வொரு முறையும் தோல்வி, தோல்வி என்று வந்தது. இத்தனை தோல்வியை இத்தனை சந்தோஷமாக அவள் படித்ததில்லை.

பிரியாணியை எடுத்துவிட்டு, சுத்தமான கெர்னலை மறுபடி ஏற்றி, மறுபடி காத்திருந்து, மறுபடி அடித்துப் பார்த்த பிறகுதான் ராகவனைக் கூப்பிட்டாள். அவர் வந்து நின்று பார்த்தார். அவளே பேச வேண்டியிருந்தது. பேசினாள். நடுவில் நிறுத்தாமல், சாப்பாட்டுப் பெயரைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குரல் இறங்கி, முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"அப்ப மூணு தடவையும் நம்ம பழைய கெர்னலைத்தான் அடிச்சிருக்கோம்?"

"ஆமா சார்."

"அது விழுகத்தான செய்யும்."

"ஆமா சார்."

ராகவன் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "அந்தப் பத்து நிமிஷ ஏற்பாடு நான் எழுதுனதும்மா. பிரமாதமா வேலை செய்யுது," என்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று மெஹக்குக்கு உறுதியாகத் தெரியவில்லை. சத்தமாக வெளிவந்த பிறகு தெரிந்தது. "பேரு மாத்தக்கூடாதுன்னு சொன்னதும் நான்தான். மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணணும். அனுப்பு தாயி, அனுப்பு. எல்லாத்துக்கும் அனுப்பு."

மதியத்துக்கு மேல் திருத்தம் ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆரம்பித்தது. இன்டர்நெட் வழியாகவே போய்த் தானாக ஏறிக்கொள்ளும். ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஐயப்பன்தாங்கல் மட்டும் வரவில்லை. ரோட்டைத் தோண்டியதில் அங்கே கேபிள் அறுந்து கிடந்தது. எப்போது வேண்டுமானாலும் ஒட்டிவிடுவார்கள். நாளை மதியத்துக்கு மேல் ஒட்டினால், திருத்தம் வந்து ஏறும்வரை ஓட்டையோடு திறந்து நிற்கும்.

"நான் போறேன் சார்," என்றாள் மெஹக்.

"நீயா?" என்றார் ராகவன். வெளி இடம், வெளி ஆட்கள் என்றால் அவள் எப்படிப் பதுங்குவாள் என்று அவருக்குத் தெரியும்.

"வீட்டுக்குப் போற வழிதான்." உண்மையில் அது வழியே இல்லை, போரூர் பக்கம் சுற்றிப் போக வேண்டும். அவரும் அதைச் சொல்லவில்லை.

வார்டில் எட்டுக் கட்டிலும் நிரம்பியிருந்தது. மெஹக் ஒவ்வொரு மானிட்டராக பென்டிரைவைச் செருகித் திருத்தத்தை ஏற்றினாள். மெஷின் அணைந்து எழும் நேரத்துக்குச் சுசீலா நோயாளியின் விரலில் கையடக்கக் கருவி ஒன்றை மாட்டி, பக்கத்திலேயே நின்றாள்.

"எதுக்கும்மா இது திடீர்னு? நல்லாத்தான ஓடினு இருந்துச்சு?"

"இன்னும் நல்லா ஓடும் அக்கா."

"இன்னா மாத்துன?"

"நாளைக்கு மத்தியானம் சொல்றேன்."

"இன்னாடி இது, நாள் நட்சத்திரம் பார்த்துத்தான் சொல்லுவியா?"

கடைசிக் கட்டில். மூலை திரும்பினால் வருவது. நோயாளி வயதான அம்மா ஒருத்தி. பக்கத்தில் ஸ்டூலில் அவள் மகன் கன்னியப்பன். புதியது எழுந்து ஓட ஆரம்பித்திருந்தது. மெஹக் கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரோரம் நின்றாள். கன்னியப்பன் பையிலிருந்து போன் சார்ஜரை எடுத்தார். சுவரில் ஒரே ஒரு சாக்கெட். மானிட்டரின் பிளக்கைப் பிடித்து, பிடுங்கிவிட்டார்.

"கழட்டாதீங்க!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெஹக்கும் யார் கத்தியது என்று ஒரு கணம் பார்த்தாள்.

"ஒரு பத்து பர்சன்ட் ஏத்திக்கலாம்னு..." கன்னியப்பன் சார்ஜரைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அம்மாடி, மன்னிச்சுக்கோ, தெரியாம பண்ட்டேன்."

மானிட்டர் அணையவில்லை. அதனுள் பேட்டரி இருந்தது. திரை மூலையில் ஒரு சின்ன அடையாளம் மாறியது, அவ்வளவுதான். பச்சைக் கோடு போய்க்கொண்டே இருந்தது. மெஹக் பிளக்கைத் திரும்பச் செருகினாள். சாக்கெட்டை மறைத்தபடி அங்கேயே நின்றாள். பத்து நிமிடம் முடிந்து, புதியது ஏற்கப்பட்டது என்ற வரி விழுந்தது. சுசீலா கன்னியப்பனிடம், "போனை எங்காண்ட குடு, என் மேசைல போட்டுத் தரேன். இனிமே அதத் தொட்ட, உன்னத் தூக்கி அந்தக் கட்டில்ல போட்ருவேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஷம்ஷாத் நல்ல சல்வாராக எடுத்து வைத்திருந்தாள். "சாயங்காலம் சீக்கிரம் வா. உங்க ஜாகிர் மாமாவையும் வரச் சொல்லிகிறேன். நீ சொல்லும்போது அவரும் இருக்கட்டும். பையன் எந்த ஊரு, அத மட்டுமாச்சும் இப்ப சொல்லேன்."

மெஹக்குக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாசற்படியிலேயே நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அம்மா, அது ஒரு கெர்னலும்மா!" என்றாள். இது இன்னும் மோசம். கர்னலா, பட்டாளத்து ஆளா என்று ஷம்ஷாத் அதிர்ந்து நின்றாள். பஸ் வந்துவிட்டது.

மதியம் ஆராய்ச்சியாளர் சொன்னபடியே எல்லாவற்றையும் வெளியிட்டார். ஓட்டை எங்கே, எப்படி, அதில் எப்படி நுழையலாம், எல்லாம். எந்தெந்தக் கம்பெனிகளின் கருவிகளில் இருக்கிறது என்ற வரிசையில் இவர்கள் பெயரும் இருந்தது. அதற்கு நேரே, அடைக்கப்பட்டது என்று போட்டிருந்தது. ராகவன் அதைச் சத்தமாகப் படித்தார். ஜஸ்டினையும் மாடிக்குக் கூப்பிட்டு எல்லாம் சொன்னார்கள். "அடப்பாவிங்களா," என்றார் ஜஸ்டின், "இதுக்கா அந்த ரூமப் பூட்டுனீங்கோ? நான் எம் பொண்டாட்டிகிட்ட பொணம்னே சொல்லிட்டேன்."

பிறகு காத்திருந்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ஏதாவது ஒரு மெஷின் விடுபட்டிருந்தால் இனிமேல்தான் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கு எண் கொடுத்திருந்த போன் மேசைமேல் கிடந்தது. ஒரு மணி நேரம் அது அசையவில்லை. இன்னொரு மணி நேரமும் போயிற்று. கீழே பட்டறையில் கேஸ்கட் வெட்டும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். ஐயப்பன்தாங்கல் எண். ராகவன் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினார். போன் என்றால் ஒதுங்கிவிடும் மெஹக் அதை எடுத்தாள்.

"யாரு, மெஹக்கா? நான்தான் சுசீலா. ஒரு அவசரம்மா."

"சொல்லுங்க அக்கா."

"பிரின்ட் வர்ற பேப்பர் ரோலு தீந்து பூடுச்சு. மூணு நாளா கேக்குறேன், உங்காளுங்க ஒருத்தனும் அனுப்பல. நேத்து உன்னாண்ட சொல்லவும் மறந்துட்டேன்."

மெஹக் கண்ணை மூடித் திறந்தாள். "ரோலா அக்கா?"

"ஆமா, ரோலுதான். ஏன், அது அவசரம் இல்லியா? டாக்டரு எங்காண்டதான் கத்துறாரு."

"அனுப்பறேன் அக்கா. இன்னிக்கே." போனைக் கையால் மூடி, "பேப்பர் ரோல்," என்றாள் மற்ற இருவரிடமும். ராகவன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். ஜஸ்டின் உடனே எழுந்து, "எத்தினி வோணும்னு கேளுங்கோ, நானே எடுத்துனு போறேன்," என்றார்.

"அக்கா," மெஹக் மறுபடி போனில் கேட்டாள், "எட்டுக் கட்டிலும் மேசைல தெரியுதா?"

"தெரியுதும்மா, எட்டும் தெரியுது. பார்த்துகினேதான் பேசுறேன். ஏன், தெரியாம பூடுமா?"

"போகாது," என்றாள் மெஹக்.